வரப்பு என்றால் என்ன?

மும்பை நகரில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் மாகிம் ரயில் நிலையம். மறு பக்கம் சயான் ரயில் நிலையம். நடுவில் தாராவி. அங்கே வீட்டை ஒட்டி வீடு இருக்கும். சந்துக்குள் சந்து போகும். சில சந்துகளில் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

தாராவியில் பல மாநில மக்கள் வாழ்கிறார்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழும் பகுதிக்குக் கும்பார்வாடா என்று பெயர். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தையல்காரர்கள் இருக்கிறார்கள். தமிழர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். தோல் பதனிடும் வேலைக்காகப் பலர் அந்தக் காலத்திலேயே வந்து தங்கிவிட்டார்கள். தாராவியில் முதல் தமிழ்ப் பள்ளி 1924-ஆம் ஆண்டில் தொடங்கியது.

அப்படி வந்த ஒரு குடும்பத்தின் கதை இது.

அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் இட்லியம்மா என்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு இட்லியம்மா வீட்டில் அடுப்பு எரியும். ஆறு மணிக்குள் இட்லியும் சட்னியும் தயார். அவருடைய கணவர் அவற்றைப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்குவார். சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்கப் போவார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. மகன் சின்னவன். இன்னும் பள்ளிக்குப் போகவில்லை.

இட்லியம்மா சின்ன வயதில் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். படித்த கொஞ்சமும் மறந்துபோனது. இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கும் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறார். மூன்று பாட நூல்களையும் முடித்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். கையெழுத்துப் போடுவார். ஆனால் மகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. மகளும் நினைத்தது இல்லை.

சிவப்பு மை

ஒரு நாள் மாலை மகள் பள்ளியிலிருந்து வந்தாள். வந்ததும் நோட்டைத் தூக்கி எறிந்தாள். பானை மேல் பட்டு நோட்டு கீழே விழுந்தது.

"ஏளா, என்ன ஆச்சு?" என்று இட்லியம்மா கேட்டார்.

"நான் இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன். உன்னோடு மாவு ஆட்டுகிறேன்."

இட்லியம்மா நோட்டை எடுத்துப் பிரித்தார். பக்கம் முழுவதும் சிவப்பு மை. டீச்சர் பத்துச் சொற்கள் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பத்தில் ஆறு தவறு.

முதல் சொல் 'வரப்பு'. பக்கத்தில் பொருளும் இருந்தது. வரப்பு - எல்லை. மகள் அதை ஒழுங்காக மனப்பாடம் செய்திருந்தாள். பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

'மகாராஷ்டிர மாநிலத்தின் வரப்பில் குஜராத் உள்ளது.'

"டீச்சர் சிரித்துவிட்டார்கள்" என்றாள் மகள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எல்லை என்று அவர்கள்தானே எழுதிப் போட்டார்கள்? நான் எழுதினால் மட்டும் தப்பா?"

அவள் கேட்டது நியாயம்தான். எல்லை என்றுதான் அவளுக்குச் சொன்னார்கள். மாநிலத்துக்கு எல்லை உண்டு. அவள் எழுதிவிட்டாள். வரப்பு என்பது எந்த எல்லை, எங்கே இருக்கும், எதனால் ஆனது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பிறந்தது தாராவியில். வயலை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"வீட்டில் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லையா என்று டீச்சர் கேட்டார்கள்."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்லை என்று சொன்னேன்."

இட்லியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை மறுபடி பார்த்தார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். வ-ர-ப்-பு. வரப்பு. நாற்று. களம். மதகு. ஏற்றம்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமே!" என்றார்.

தட்டில் ஒரு வயல்

முறுக்குக்குப் பிசைந்த மாவு கொஞ்சம் மீந்திருந்தது. இட்லியம்மா ஒரு தட்டை எடுத்தார். மாவைக் கயிறு போல உருட்டித் தட்டில் வைத்தார். தட்டு நான்கு கட்டங்களாகப் பிரிந்தது.

"ஒவ்வொரு கட்டமும் ஒரு வயல். நடுவில் மேடாக நிற்கிறதே, அதுதான் வரப்பு. ஊரில் அது மண்ணால் இருக்கும்."

ஒரு கட்டத்தில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அங்கேயே நின்றது.

"பார்த்தாயா? வரப்பு தண்ணீரை நிறுத்துகிறது. இப்போது விரலால் அதை உடை."

மகள் விரலால் மாவை உடைத்தாள். தண்ணீர் அடுத்த கட்டத்துக்கு ஓடியது. மகள் சிரித்தாள். தம்பியும் ஓடி வந்து இன்னொரு பக்கம் உடைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். அவர் சாத்தாரா மாவட்டத்து மராட்டியர். தட்டைப் பார்த்ததும் "பாந்த்!" என்றார். வரப்புக்கு மராத்தியில் பாந்த் என்று பெயர். அவருக்கும் சொந்த ஊரில் வயல் இருந்தது. தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் தட்டில் இருப்பது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது.

பிறகு இட்லியம்மா பேசத் தொடங்கினார். மகள் எழுதிக்கொண்டாள்.

'வரப்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.'

'சேற்றில் கால் படாமல் இருக்க வரப்பின் மேல் நடப்போம்.'

'நண்டு வளை தோண்டினால் வரப்பில் ஓட்டை விழும்.'

'வரப்பில் முளைத்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுவோம்.'

'அண்ணனும் தம்பியும் வரப்பைத் தள்ளி வெட்டி, நிலத்துக்காகச் சண்டை போட்டார்கள்.'

ஐந்து வாக்கியம் ஆயிற்று. இட்லியம்மா எந்த இடத்திலும் 'வரப்பு என்றால் இது' என்று பொருள் சொல்லவில்லை. ஆனால் வரப்பு மண்ணால் ஆனது, தண்ணீரை நிறுத்தும், அதன் மேல் நடக்கலாம், அதில் புல் முளைக்கும் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வாக்கியத்தில் எல்லை என்ற பொருளும் வந்துவிட்டது.

"இன்னும் ஒன்று சொல்" என்றாள் மகள்.

இட்லியம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் அம்மா நடவுக்குப் போவாள். நான் கைப்பிள்ளையாக இருந்த என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அந்த வரப்பு வழியாகத்தான் போவார்கள். நான் ஒதுங்கி அவர்களுக்கு வழி விடுவேன்."

மகள் அதை எழுதவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

யானையைப் போட்டுப் பார்

எழுத்தறிவு வகுப்பு நடத்துபவர் ஒரு கல்லூரி மாணவி. மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தார். மகளின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆறு தவறுகளில் இரண்டு மட்டுமே பொருள் தெரியாமல் வந்தவை. மற்ற நான்கும் வேறு மாதிரி.

'நான் நாற்றைப் பார்த்தேன்.'

'இது மதகு.'

'எனக்குக் களம் பிடிக்கும்.'

'அங்கே ஒரு ஏற்றம் இருந்தது.'

"இதில் எழுத்துப் பிழை இல்லையே அக்கா" என்றாள் சிறுமி. "பிறகு ஏன் தப்பு?"

"ஒரு விளையாட்டு விளையாடுவோம்" என்றார் மாணவி. "'நாற்று' என்ற சொல்லை எடுத்துவிடு. அங்கே 'யானை' என்று போடு."

"நான் யானையைப் பார்த்தேன்."

"சரியாக இருக்கிறதா?"

"சரியாக இருக்கிறது."

"'இது மதகு' என்பதில் போடு."

"இது யானை."

"அதுவும் சரியாக இருக்கிறது. அப்படியானால் நாற்று, மதகு, யானை எல்லாம் ஒன்றா? இப்போது உன் அம்மா சொன்ன வாக்கியத்தில் போட்டுப் பார்."

"யானை உடைந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும்." படித்ததும் சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யானை பொருந்தவில்லை அல்லவா? அதுதான் நல்ல வாக்கியம். அந்த இடத்தில் வரப்பு மட்டும்தான் உட்காரும். படிப்பவருக்கு வரப்பு தெரியாவிட்டாலும் பாதியாவது ஊகித்துவிடுவார்."

பிள்ளைக்குப் புதுச் சொல் சொல்லித் தரும் எவரும் இந்த யானை விளையாட்டைச் செய்து பார்க்கலாம். பெரிய படிப்பு வேண்டியதில்லை. 'இது பேனா', 'நான் பேனா வாங்கினேன்' என்பவை தப்பான வாக்கியங்கள் அல்ல. ஆனால் அவை ஒன்றும் சொல்லித் தருவதில்லை. 'பேனாவில் மை தீர்ந்துவிட்டதால் எழுத முடியவில்லை' என்றால் பேனா தெரியாத பிள்ளைக்கும் அது எழுதும் பொருள் என்று தெரியும்.

மாணவி இன்னொன்றும் சொன்னார். ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச் சொல் போதும். இட்லியம்மா ஆர்வத்தில் இப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார்: 'மதகைத் திறந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டு, வரப்பை அணைத்து, தொளி அடித்தோம்.' திருநெல்வேலிக்காரர் காதுக்கு அது இனிமையான வாக்கியம். தாராவிப் பிள்ளைக்கு அதில் நான்கு கதவுகள். நான்கும் பூட்டியிருக்கின்றன. 'மதகைத் திறந்ததும் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது' என்றால் ஒரு கதவுதான். அதைத் திறந்துவிடலாம்.

மனப்பாடம் செய்வது கெட்டது என்று சொல்ல முடியாது. வாய்ப்பாட்டுக்கு அது வேண்டும். தொலைபேசி எண்ணுக்கு வேண்டும். சொல்லுக்கு அது போதாது. அவ்வளவுதான்.

மீசை வைத்த அம்மா

குஜராத்தில் பவநகர் என்று ஓர் ஊர். அங்கே கிஜுபாய் பதேக்கா என்பவர் இருந்தார். அவர் வழக்கறிஞர். பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியர் ஆனார். 1920-ஆம் ஆண்டில் பவநகரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பள்ளி என்றால் பிரம்பு. பிரம்பு இல்லாமல் சொல்லித் தர முடியும் என்று அவர் செய்து காட்டினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய அன்பைப் பார்த்து அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள்.

அவர் குஜராத்தியில் ஒரு நூல் எழுதினார். பகல் கனவு என்பது அந்தப் பெயரின் பொருள். அதில் ஓர் ஆசிரியர் வருகிறார். அவர் வகுப்புக்குப் போனதும் பாடப் புத்தகத்தைத் திறப்பதில்லை. கதை சொல்லத் தொடங்குகிறார். கதையில் புதுச் சொல் வரும். குழந்தை அடுத்தது என்ன என்று கேட்கும் ஆசையில் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிஜுபாய் 1939-ஆம் ஆண்டில் காலமானார்.

இட்லியம்மா கிஜுபாயைப் பற்றிக் கேள்விப்பட்டது இல்லை. ஆனால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற கதையை அவர் சொன்னாரே, அதுவும் அந்த வழிதான்.

கார் என்றால் மோட்டார் கார் அல்ல

அன்றிலிருந்து இரவுதோறும் மாவு அரைக்கும்போது பாடம் நடந்தது. கிரைண்டர் சத்தத்தில் கத்திப் பேச வேண்டும். அது பிள்ளைகளுக்கு இன்னும் பிடித்திருந்தது.

"எங்கள் ஊரில் தாமிரபரணித் தண்ணீர் வரும். வருஷத்துக்கு இரண்டு போகம். முதலில் கார். பிறகு பிசானம்" என்றார் இட்லியம்மா.

"வயலில் காரா?" என்று தம்பி வாயைப் பிளந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதில் ஒரு பாடம் இருந்தது. சொல் ஒன்றுதான். பொருள் இரண்டு. எந்தப் பொருள் என்று வாக்கியம்தான் சொல்லும். 'காரில் ஏறி சயானுக்குப் போனார்.' 'கார் அறுவடை முடிந்ததும் பிசானம் நடுவோம்.' யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள்.

தமிழில் இப்படி நிறையச் சொற்கள் உண்டு. 'படி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சிறுமிக்குப் 'பாடம் படி' மட்டும் தெரியும். இட்லியம்மாவுக்கு 'ஒரு படி அரிசி' தெரியும். மாடி வீட்டுக்குப் போக இரும்புப் படி ஏற வேண்டும். 'டாக்டர் சொன்னபடி மருந்து சாப்பிடு' என்பதிலும் ஒரு படி வருகிறது. அவர்கள் நான்கு வாக்கியம் எழுதினார்கள். பிறகு 'ஆறு' கிடைத்தது. 'அடி' கிடைத்தது. 'அடி'க்குச் சிறுமி உடனே ஒரு வாக்கியம் சொன்னாள்: 'எங்கள் அறை பத்து அடி நீளம்.' தம்பி சொன்ன வாக்கியம் வேறு. அக்கா அவனை அடித்ததைப் பற்றியது அது.

இன்னொரு நாள் சிறுமி 'தென்னை இலை' என்று எழுதினாள். இட்லியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வாழைக்குத்தான் இலை. தென்னைக்கு ஓலை. முருங்கைக்குக் கீரை. வேம்புக்குத் தழை. அறுத்த பிறகு வயலில் நிற்கும் நெல்லின் அடிப்பகுதி தாள். சோளத்துக்கு அது தட்டை. குட்டிகளிலும் அப்படித்தான். பசுவுக்குக் கன்று. ஆட்டுக்குக் குட்டி. கோழிக்குக் குஞ்சு. அணிலுக்கும் கீரிக்கும் பிள்ளை.

"அணிலுக்குப் பிள்ளையா?" சிறுமிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தாராவியில் அணிலைப் பார்ப்பது அரிது.

மழை பெய்யும். காற்று வீசும். இடி இடிக்கும். மின்னல் வெட்டும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கு விளக்கம் சொல்ல முடியாது. பல முறை காதில் விழ வேண்டும். வீட்டில் பேசும் தமிழ் காதில் விழாத பிள்ளைக்கு இது கடினம். அதனால்தான் வீட்டார் பேசுவது பள்ளிப் பாடத்துக்கும் உதவுகிறது. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர்களின் பிள்ளைகளும் தொடக்க வகுப்பில் தாய்மொழியில் படிக்க வசதி வேண்டும் என்று நமது அரசியல் சட்டம் சொல்கிறது. 350-ஏ என்பது அந்தப் பிரிவு. 1956-ஆம் ஆண்டில் அது சேர்க்கப்பட்டது.

காட்ட முடியாத சொற்கள்

வரப்பைத் தட்டில் செய்து காட்டலாம். கீரையைக் கையில் எடுத்துக் காட்டலாம். 'சிக்கனம்' என்ற சொல்லை எப்படிக் காட்டுவது?

பாடத்தில் சிக்கனம் வந்தது. பொருள்: குறைவாகச் செலவு செய்தல். சிறுமி எழுதினாள்: 'சிக்கனமான கடைக்காரன் பிச்சைக்காரருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை.'

இட்லியம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். "அது சிக்கனம் இல்லை. அது கஞ்சத்தனம்."

"இரண்டும் ஒன்றுதானே? இரண்டிலும் செலவு இல்லையே."

இட்லியம்மா யோசித்தார். பொருள் சொல்ல அவருக்கு வரவில்லை. ஆனால் வாக்கியம் வந்தது.

"மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா செய்தால் சிக்கனம். பிள்ளை பசித்து அழும்போது இட்லியை விற்பதற்கு மூடி வைத்தால் கஞ்சத்தனம்."

அகராதியில் தேடினாலும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது சந்தேகம். ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்களைச் சொல்லித் தரும்போது இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வாக்கியம் வைக்க வேண்டும். அப்போது வேறுபாடு தானே தெரியும்.

'நாணயம்' என்ற சொல் அப்பாவின் பங்கு. அவர் அதிகம் பேசமாட்டார். அன்று சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் படிப்பதைக் கேட்டார். "நாணயம் என்றால் காசு" என்று அவள் படித்தாள்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார் அப்பா. "காலையில் ஒருவர் ஐம்பது ரூபாய் என்று நினைத்து ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் சைக்கிளைத் திருப்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் என்னை நாணயமான மனிதர் என்றார்."

இட்லியம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்தச் செய்தி அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வீட்டாருக்குத் தெரியாத சொற்களும் வந்தன. 'குடியரசு' வந்தபோது இட்லியம்மா கையை விரித்தார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. நோட்டில் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்தார். வகுப்பில் கேட்டார். மாணவி சொன்ன வாக்கியம் இது: 'குடியரசு நாட்டில் அரசன் மகன் அரசன் ஆவதில்லை, மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.' இந்தியா 1950 ஜனவரி 26-இல் குடியரசு ஆனது. அன்று இட்லியம்மா தன் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தானும் ஒரு சொல் கற்றுக்கொண்டார்.

அடுத்த பத்துச் சொற்கள்

மூன்று வாரம் கழித்து டீச்சர் பழைய பத்துச் சொற்களையே மறுபடி கொடுத்தார். யாரும் நன்றாக எழுதவில்லை என்பதால் இன்னொரு முறை கொடுத்தார்.

சிறுமிக்கு ஒன்பது சரி. ஒன்று பாதி.

அந்தப் பாதி 'ஏற்றம்'. அவள் எழுதியது: 'அரிசி விலை ஏற்றத்தால் அம்மா இட்லியின் விலையைக் கூட்டினாள்.' பாடத்தில் வந்த ஏற்றம் வேறு. அது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கருவி. அதனால் டீச்சர் அரை மதிப்பெண் கொடுத்தார். வாக்கியத்தில் தவறு இல்லை. யானையைப் போட்டாலும் பொருந்தாது. முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். இட்லியம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

முதல் சொல்லுக்கு அவள் எழுதிய வாக்கியத்தை டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்தார்.

'என் அம்மா சின்ன வயதில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்றாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒதுங்கி வழி விட்டாள்.'

இந்த முறை டீச்சர் சிரிக்கவில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"அம்மா."

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னாயே?"

"படிக்கத் தெரியும் டீச்சர். வரப்பும் தெரியும்."

அடுத்த வாரம் உழவு பற்றிய பாடம் இருந்தது. இட்லியம்மாவால் வர முடியுமா என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இட்லியம்மா அன்று காலை வேலையைச் சீக்கிரம் முடித்தார். ஒரு தட்டும் பிசைந்த மாவும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். நாற்பது பிள்ளைகள் தட்டைச் சுற்றி நின்றார்கள். வரப்பை உடைக்க எல்லோருக்கும் ஆசை. தண்ணீர் டீச்சரின் மேசையில் ஓடியது.

செய்து பாருங்கள்

1. பொருத்தமான சொல்லை எடுத்து எழுதுங்கள்.

___ உடைந்ததால் குளத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. (கரை, கதை, கடை)

காற்று பலமாக ___. (பெய்தது, வீசியது, வெட்டியது)

அணிலின் ___ மரத்தில் ஓடியது. (கன்று, பிள்ளை, குஞ்சு)

2. 'மாலை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டு வாக்கியம் எழுதுங்கள். பிறகு 'மாலை' உள்ள இடத்தில் 'யானை' என்று போட்டுப் படியுங்கள்.

3. உங்கள் தொழிலில் மட்டும் வழங்கும் மூன்று சொற்களை நினைத்துப் பாருங்கள். தறி, மீன் பிடிப்பு, கட்டட வேலை, சமையல் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி, வீட்டில் உள்ள பிள்ளையிடம் கொடுங்கள். சொல்லின் பொருளை அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும்.